தொப்பியைக் கழற்றும் விதம்

மேடைக்கும் திரைக்கும் உடையலங்காரம் செய்யும் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



வெள்ளைக்காரத் துரை ஒருவர் தோன்றாத விடுதலைப் போராட்ட நாடகம் நம்மிடையே அரிது. அந்தத் துரையின் தலையில் வெண்ணிறமாகக் கவிந்த ஒரு தொப்பி இல்லாத காட்சி அதனினும் அரிது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-ஆம் ஆண்டிலும் அதே தொப்பி, சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்த 1906-ஆம் ஆண்டிலும் அதே தொப்பி, நடுப்பகல் வெயிலிலும் அதே தொப்பி, இரவு விருந்து நடக்கும் கூடத்திலும் அதே தொப்பி. சோழ மன்னனுக்கு ஒரு கிரீடம் செய்ய வேண்டுமானால் கோயில் சிற்பங்களைத் தேடிப் போய்ப் பார்த்து, கல்வெட்டு அறிந்தவர்களை விசாரித்து, தங்க நிறம் எத்தனை பழுப்பேறியிருக்க வேண்டும் என்பது வரை யோசிக்கும் உங்களிடம், அந்த அக்கறையில் ஒரு பங்கை ஆங்கிலேயன் தலைக்கும் அளிக்குமாறு வேண்டிக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். எதிரியாக நிற்பவனையும் உண்மையான மனிதனாக நிறுத்தினால்தான், அவனை எதிர்த்து நின்ற நம்மவரின் தீரம் மெய்யான தீரமாகத் தெரியும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆங்கில நாட்டு ஆண்மகன் ஏறக்குறைய நானூறு ஆண்டுக் காலம் தன் குலம், தொழில், செல்வம், துக்கம், பணிவு, பிடிவாதம் ஆகிய எல்லாவற்றையும் தொப்பியின் மூலமாகவே ஊருக்கு அறிவித்து வந்தான். அதை அணிந்திருக்கும்போது சொன்னதைக் காட்டிலும் அதைத் தலையிலிருந்து எடுக்கும்போதும், எடுக்க மறுக்கும்போதும் அவன் சொன்னது அதிகம். ஆகையால் எந்தத் தொப்பி என்று தேர்ந்தெடுப்பது உங்கள் வேலையில் முதற்பாதி. அதைக் கழற்றும் விதத்தை நடிகனுக்குக் கற்பிப்பது மறுபாதி. முதற்பாதியையாவது சிலர் கவனிக்கிறார்கள். மறுபாதியை எவரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

அந்த நாட்டில் தொப்பி அரசாங்கத்தின் விஷயமாகவும் இருந்தது. எலிசபெத் ராணியின் காலத்தில், 1571-ஆம் ஆண்டில், கம்பளித் தொழிலைக் காப்பதற்காக ஒரு சட்டம் இயற்றினார்கள்: ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரபுக்களும் அந்தஸ்துள்ளவர்களும் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளித் தொப்பியையே அணிய வேண்டும், தவறினால் அபராதம். இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சட்டம் நீங்கிற்று. சாமானியன் தலையில் தட்டையான கம்பளித் தொப்பி, கனவான் தலையில் விளிம்புள்ள தொப்பி என்ற பேதம் மட்டும் நீங்கவில்லை. பிறகு 1784-ஆம் ஆண்டில் பிரதம மந்திரி இளைய பிட் தொப்பிக்கு வரியே விதித்தார். விலைக்கேற்ப மூன்று பென்ஸ் முதல் இரண்டு ஷில்லிங் வரை செலுத்தி, அதற்குரிய முத்திரைச் சீட்டைத் தொப்பியின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். அந்த முத்திரையைப் போலியாகச் செய்தவனுக்கு மரண தண்டனை கூட விதிக்கலாம் என்றிருந்தது. இந்த வரி 1811-ஆம் ஆண்டு வரை நீடித்தது.

கழற்ற மறுப்பதன் வலிமையை அறிய விரும்புவோர் 1649-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த விசாரணையை மனக்கண்ணால் காண வேண்டும். முதலாம் சார்லஸ் மன்னனைக் கைதியாகக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அவன் தன் உயரமான கறுப்புத் தொப்பியைத் தலையிலிருந்து எடுக்கவே இல்லை. தன்னை விசாரிக்கும் அதிகாரம் இந்தச் சபைக்கு இல்லை என்று வாயால் வாதாடுவதற்கு முன்னரே தலையால் வாதாடிவிட்டான். எதிரே நீதிபதி ஆசனத்தில் அமர்ந்திருந்த ஜான் பிராட்ஷாவின் தலையிலும் ஒரு தொப்பி இருந்தது. யாராவது சுட்டுவிடுவார்களோ, வெட்டிவிடுவார்களோ என்ற அச்சத்தால் அதன் உள்ளே எஃகுத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தொப்பி இன்றும் ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. இரண்டு தொப்பிகள் ஒன்றையொன்று நோக்கியிருந்த அந்தக் காட்சிக்கு வசனம் எழுதுகிறவன் எத்தனை எழுதினாலும், உடையலங்காரம் செய்கிறவன் அதைவிட அதிகம் எழுதிவிட முடியும்.

அரசனுக்கு இருந்த பிடிவாதம் ஏழைக் குவேக்கர்களுக்கும் இருந்தது. ஜார்ஜ் ஃபாக்ஸ் என்னும் சமய போதகரைப் பின்பற்றிய இவர்கள், தலை திறக்கும் மரியாதை இறைவன் ஒருவனுக்கே உரியது என்றும், பிரார்த்தனையின்போது தவிர வேறெந்த மனிதனுக்காகவும் தொப்பியை எடுப்பதில்லை என்றும் விரதம் பூண்டனர். அதற்காகத் தகப்பனிடம் அடியும் நீதிபதியிடம் சிறையும் பெற்றனர். பிற்காலத்தில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென், 1670-ஆம் ஆண்டில் லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்துக்கு வந்தபோது, வாசலிலேயே ஓர் அலுவலர் அவர் தொப்பியை எடுத்துவிட்டார். நீதிமன்றமோ அதைத் திரும்ப அவர் தலையில் வைக்கச் சொல்லி, வைத்த பிறகு, ஏன் கழற்றவில்லை என்று கேட்டு, அவருக்கும் அவருடைய தோழருக்கும் தலைக்கு நாற்பது மார்க் அபராதம் விதித்தது. நம் கிராமங்களில் தோளில் கிடந்த துண்டு பெரியவர் எதிரில் இடுப்புக்கு இறங்கியே தீர வேண்டும் என்றிருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, ஒரு துணித் துண்டையோ கம்பளித் துண்டையோ எங்கே வைத்துக்கொள்வது என்பதில் ஒரு மனிதனின் சுயமரியாதை முழுவதும் அடங்கியிருக்கக்கூடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பார்லிமெண்டிலும் தொப்பிக்குத் தனிச் சாஸ்திரம் இருந்தது. காமன்ஸ் சபையில் அங்கத்தினர்கள் உட்கார்ந்திருக்கும்போது தொப்பி அணியலாம் என்றும், எழுந்தாலும், நடந்தாலும், பேசினாலும் கழற்றிவிட வேண்டும் என்றும் இருந்தது. காலையில் வந்து ஆசனத்தின் மேல் தொப்பியை வைத்துவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையதாயிற்று. வாக்கெடுப்பு நடக்கும்போது ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப விரும்புகிறவர் மட்டும் உட்கார்ந்தபடியே, தலையில் தொப்பியுடன் பேச வேண்டும் என்று ஒரு விதி இருந்தது; தொப்பி அணியும் பழக்கம் போன பிறகும் விதி போகாததால், மடித்து விரிக்கத்தக்க ஒரு நாடகத் தொப்பியைச் சபையிலேயே வைத்திருந்து கைமாற்றிக் கொண்டார்கள். 1998-ஆம் ஆண்டில்தான் அதைக் கைவிட்டனர்.

இனித் தொப்பிகளின் வகைகளுக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டைக் காட்டும் எந்தக் காட்சிக்கும் முதன்மையானது டாப் ஹாட் எனப்படும் உயர்ந்த பட்டுத் தொப்பி. ஆதியில் அதைப் பீவர் என்னும் நீர்வாழ் பிராணியின் உரோமத்தால் செய்தார்கள். ஐரோப்பாவில் அந்தப் பிராணி அருகிப்போகவே, வட அமெரிக்கக் காடுகளிலிருந்து தோல் வந்தது. 1670-ஆம் ஆண்டில் சாசனம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனி இந்த வியாபாரத்தாலேயே தழைத்தது. பிறகு உரோமத்தின் இடத்தைப் பளபளப்பான பட்டுப் பூந்துணி பிடித்தது. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1850-ஐ ஒட்டி அதை அணியத் தொடங்கியதும் பட்டுத் தொப்பியே கனவானின் அடையாளமாயிற்று. பருத்தித் துணியை அரக்குப் பூசி இறுக்கிக் கூடாக்கி, அதன்மேல் பட்டைப் போர்த்து, சூடான இரும்பால் தேய்த்து, தையல் தெரியாமல் பளபளக்கச் செய்வார்கள். அந்த அரக்கு நம் நாட்டுச் சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளின் மேல் ஒரு சிறு பூச்சி சுரந்தது என்பதை நினைத்தால் எனக்கு ஒரு வியப்பு உண்டாகிறது. லண்டன் பிரபுவின் தலையில் அந்தக் கறுப்புக் கோபுரம் வளையாமல் நின்றது, முகம் தெரியாத நம் மலைவாசிகள் சேகரித்த பிசினின் பலத்தால் அல்லவா? இன்றைக்கு அந்தப் பட்டுத் துணியை நெய்யும் தறிகள் இல்லை. பழைய தொப்பிகளையே தேடி எடுத்துச் சீர்செய்து விற்கிறார்கள்.

பட்டில்லாத தொப்பிகள் பலவற்றுக்கு முயல் உரோமமே மூலப்பொருள். உரோமம் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான ஃபெல்ட் துணியாக ஆவதற்காக, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தோலில் தடவினார்கள். வெந்நீரில் தோய்த்தும் ஆவியில் காட்டியும் வேலை செய்த அறைகளில் அந்த நச்சுக் காற்றைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைநடுக்கம் வந்தது, பேச்சுக் குழறியது, சித்தம் கலங்கியது. லூயிஸ் கரோல் 1865-ஆம் ஆண்டில் வெளியிட்ட குழந்தைக் கதையில் வரும் தொப்பிக்காரனைப் பார்த்து உலகம் சிரிக்கிறது. தொப்பித் தொழில் செய்த ஊர்களிலோ அந்த நடுக்கம் வீட்டுக்கு வீடு அறிந்த வியாதியாக இருந்தது. ஸ்டாக்போர்ட்டிலும் டென்டனிலும் ஃபெல்ட், லூட்டனில் வைக்கோல் என்று ஊர் ஊராகத் தொழில் வளர்ந்தது. லூட்டன் நகரக் கால்பந்துக் குழுவை இன்றும் தொப்பிக்காரர்கள் என்றே அழைக்கிறார்கள்.

தொப்பிகளுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது பௌலர். அதன் சரித்திரமே ஒரு நாடகத்துக்குத் தகுந்தது. நார்ஃபோக் மாவட்டத்தில் ஹோல்கம் என்னும் பெரும் பண்ணையில் வேட்டைக் காடுகளைக் காவல் காத்த பணியாளர்கள், உயர்ந்த தொப்பியோடு குதிரை மேல் போகும்போது தாழ்ந்த கிளைகளில் இடித்துத் தொப்பியை இழந்து கொண்டேயிருந்தார்கள். அந்தப் பண்ணைக்குரிய கோக் வம்சத்தைச் சேர்ந்த எட்வர்டு கோக், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் இருக்கும் லாக் கம்பெனியாரிடம் சென்று, தலையோடு ஒட்டிய, உருண்ட, அடித்தாலும் நசுங்காத ஒரு தொப்பி வேண்டும் என்று கேட்டார். 1676-ஆம் ஆண்டிலிருந்து தொப்பி விற்றுவரும் கடை அது. டிராஃபல்கர் போரில் நெல்சன் அணிந்த, கண் மறைப்பு வைத்த தொப்பியும் அங்கே செய்ததுதான். தேம்ஸ் நதிக்குத் தென்கரையில் சதக்கில் பட்டறை வைத்திருந்த தாமஸ் பௌலர், வில்லியம் பௌலர் என்பவர்கள் அதைச் செய்து கொடுத்தார்கள். 1849-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கோக் நேரில் வந்து, தொப்பியைத் தரையில் வைத்து இரண்டு முறை காலால் மிதித்துப் பார்த்து, அது நசுங்காமல் இருக்கவே, பன்னிரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் போனார் என்று அந்தக் கடையின் மரபு சொல்கிறது.

காவலாளுக்காகப் பிறந்த தொப்பி காவலாளோடு நின்றுவிடவில்லை என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. கப்பல் கட்டும் துறைகளில் மேஸ்திரி அதை அணிந்தார், அவர் கீழ் வேலை செய்தவர்கள் தட்டைத் தொப்பி அணிந்தார்கள். தொலைவிலிருந்து பார்த்தாலே அதிகாரி யார், ஆள் யார் என்று தெரியும். பிறகு குமாஸ்தா அணிந்தார். அதற்கும் பிறகு லண்டன் நகரத்து வங்கிக்காரரும் அரசாங்கச் செயலாளரும், சுருட்டிய குடையும் கறுப்புக் கோட்டுமாக அதையே தங்கள் சீருடை ஆக்கிக்கொண்டார்கள். ஆகவே 1870-இல் பௌலர் அணிந்தவனும் 1950-இல் பௌலர் அணிந்தவனும் ஒரே தட்டு மனிதர்கள் அல்லர். வருஷத்தைக் கேளாமல் பௌலரைக் கையில் எடுக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே பள்ளமும் விளிம்பில் சுருளும் உள்ள ஹோம்பர்க், ஜெர்மனியில் அந்தப் பெயருடைய ஊற்றுநீர்த் தலத்துக்குப் போய்வந்த ஏழாம் எட்வர்டு, இளவரசராக இருந்தபோது ஊருக்குக் கொண்டுவந்தது. 1930-களில் வெளிநாட்டு மந்திரி அந்தோணி ஈடன் கறுப்பு நிறத்தில் அணிந்து ராஜதந்திரிகளின் தொப்பியாக்கினார். வெய்யிற்காலத்துக்குத் தட்டையான உச்சியுடைய வைக்கோல் தொப்பி போட்டர். படகுப் பந்தயத்திலும் ஹாரோ பள்ளி மாணவர் தலையிலும் மீன் விற்பவர், இறைச்சி விற்பவர் தலையிலும் அதைக் காண முடிந்தது. குறுகிய விளிம்புள்ள மென்மையான ட்ரில்பி மாத்திரம் உங்கள் தொழிலின் குழந்தை. ஜார்ஜ் டு மாரியே 1894-ஆம் ஆண்டில் எழுதிய நாவலை அடுத்த ஆண்டு லண்டனில் மேடையேற்றியபோது நடிகர் அணிந்த தொப்பி, அந்தக் கதாநாயகியின் பெயரையே பெற்றுக்கொண்டு ஊரெல்லாம் பரவிற்று.

தட்டைத் தொப்பியைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போகிறவன் அதை அணிந்தான். தன் பண்ணையில் துப்பாக்கியோடு உலாவும் பிரபுவும் ட்வீட் துணியில் அதையே அணிந்தான். பிரபு அதை நாட்டுப்புறத்தில் மட்டும் அணிந்தான், தொழிலாளி எங்கும் அணிந்தான் என்பதே வித்தியாசம். 1892-ஆம் ஆண்டில் தொழிலாளர் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்குள் நுழைந்த கெயர் ஹார்டி, நீண்ட கறுப்புக் கோட்டும் உயர்ந்த பட்டுத் தொப்பியும் வழக்கமாயிருந்த அந்தச் சபைக்கு ட்வீட் உடையிலும் எளிய தொப்பியிலும் போனது பத்திரிகைகளுக்கெல்லாம் பெரும் செய்தியாயிற்று. பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். 1937-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஈட்டன், ஹாரோ பள்ளிகள் மோதிய கிரிக்கெட் ஆட்டத்தின்போது லார்ட்ஸ் மைதானத்துக்கு வெளியே ஜிம்மி சைம் எடுத்த ஒரு புகைப்படத்தையும் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்: உயர்ந்த தொப்பியும் பிரம்புமாக இரண்டு ஹாரோ மாணவர்கள், அருகே கழுத்துப் பட்டன் திறந்த சட்டையோடு, தலையில் ஒன்றுமில்லாமல் அவர்களைப் பார்த்து நிற்கும் அக்கம்பக்கத்துப் பையன்கள் மூவர். பல ஆண்டுகள் அந்த நாட்டின் வர்க்க பேதத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் அந்தப் படத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

ஓவியனும் நடிகனும் தொப்பி விஷயத்தில் எத்தகைய பொறுப்பை வகிக்கிறார்கள் என்பதற்கு ஷெர்லக் ஹோம்ஸைவிட நல்ல சான்று கிடையாது. முன்னும் பின்னும் மறைப்பும், காதுகளுக்கு மடல்களும் உள்ள டியர்ஸ்டாக்கர் தொப்பியின் பெயரைக் கானன் டாயில் தம் கதைகளில் ஓரிடத்திலும் எழுதவில்லை. சிட்னி பாஜெட் என்னும் சித்திரக்காரர் 1891-ஆம் ஆண்டில் கிராமத்துக்குப் பயணம் போகும் ஒரு கதைக்குப் படம் வரைந்தபோது அதைச் சேர்த்தார். அவர் விஷயம் அறிந்தவர். நாட்டுப்புறத்துக்குரிய அதை நாட்டுப்புறக் காட்சிகளில் வரைந்து, லண்டன் வீதியில் ஹோம்ஸை நடத்தும்போது உயர்ந்த பட்டுத் தொப்பியை வைத்தார். பின்பு மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட்டும் அவருக்குப் பின் வந்த திரைப்படக்காரர்களும் காட்டுத் தொப்பியை அந்தத் துப்பறிவாளருக்கு நிரந்தரமாக்கி விட்டார்கள். அந்தக் காலத்து லண்டன்வாசி எவனும் அப்படி வீதியில் இறங்கியிருக்க மாட்டான். அதே டாயில், நீல மாணிக்கம் பற்றிய கதையில், வழியில் கிடந்த ஒரு பழைய தொப்பியை ஹோம்ஸின் கையில் கொடுத்து, அதன் விளிம்பின் வளைவிலிருந்து அது மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கியது என்றும், பல வாரத்துத் தூசி துடைக்காமல் இருப்பதிலிருந்து உடையவனின் மனைவிக்கு அவன்மேல் அன்பு குறைந்துவிட்டது என்றும் சொல்ல வைக்கிறார். எந்தத் தொப்பியையும் புதிதாகக் கடையிலிருந்து எடுத்தபடியே நடிகன் தலையில் வைத்துவிடும் வழக்கமுள்ளவர்கள் இந்தக் கதையை ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

இப்போது மறுபாதிக்கு வருகிறேன். ஒரு கனவான் வீட்டுக்குள்ளும் மாதா கோயிலுக்குள்ளும் உணவு விடுதியிலும் தொப்பியைக் கழற்றினான். கடைவீதியிலும், ரயில் நிலையத்திலும், பொதுக் கட்டடங்களின் நடைகளிலும் அணிந்தே இருந்தான். விக்டோரியா காலத்தில் ஒரு வீட்டுக்கு விருந்தினனாகச் சென்றவன் தொப்பியையும் பிரம்பையும் வாசற்கூடத்தில் விடாமல் கையோடு வரவேற்பறைக்குள் கொண்டுபோனான். கூடத்தில் விட்டால், இங்கேயே தங்க வந்திருக்கிறேன் என்று உரிமை கொண்டாடுவதாகப் பொருள்படும். வீதியில் அறிந்த பெண்மணி எதிர்ப்பட்டால் முதலில் தலையசைத்து அங்கீகரிக்கும் உரிமை அவளுடையது. அதன் பிறகே அவன் தொப்பியை உயர்த்துவான், அதையும் அவளுக்கு அப்பாலுள்ள கையால் உயர்த்துவான். கழற்றிப் பிடித்திருக்கும்போது வியர்வை படிந்த உட்புறம் எதிரில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது. தன் பக்கமாகவே திரும்பியிருக்க வேண்டும். எதிராளியை நோக்கித் திறந்த தொப்பி பிச்சைக்காரனுடையது.

சமமானவர்களுக்குள் தொப்பி தலையை விட்டு உயர்ந்தது. மேலானவரைக் கண்ட ஏவலாளோ விளிம்பைத் தொட்டதோடு நிறுத்தினான். தொடுதலுக்கும் உயர்த்துதலுக்கும் இடையே இருந்த நான்கு அங்குலத் தூரத்தில் அந்தச் சமூகத்தின் படிகள் எல்லாம் இருந்தன. சிப்பாயின் சல்யூட்டும் தொப்பியைக் கழற்றும் பழைய மரியாதை சுருங்கி, கையை நெற்றிக்குக் கொண்டுபோவதாக மாறியதே என்பது பலரும் ஒப்பும் விளக்கம். இதிலிருந்து பிறந்த ஒரு விதியை நம் நாடகங்களில் அநேகமாக எல்லாருமே மீறுகிறார்கள்: பிரிட்டிஷ் ராணுவத்தில் தலையில் தொப்பி இல்லாதவன் கையை உயர்த்தி சல்யூட் செய்வதில்லை, நிமிர்ந்து விறைப்பாக நிற்பதோடு சரி. தொப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கும் கேப்டனைப் பார்த்தவுடன், விஷயம் தெரிந்த ரசிகனுக்கு அந்தக் காட்சி முழுவதும் பொய்யாகிவிடுகிறது.

துக்கத்தின் மரியாதை இவையனைத்திலும் உயர்ந்தது. தெருவில் சவ ஊர்வலம் போனால், போகிறவர் யாரென்று தெரியாதபோதும், வழியில் நிற்கிற ஆண்கள் எல்லாரும் தலை திறந்து நின்றார்கள். முதல் உலக யுத்தம் முடிந்து ஓராண்டு நிறைந்த 1919-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், பதினொரு மணிக்கு, நாடெங்கும் இரண்டு நிமிஷம் வண்டிகள் நின்றன, யந்திரங்கள் நின்றன, ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். மறு ஆண்டு அதே நாளில் லண்டன் வைட்ஹாலில் கல்லாலான செனடாஃப் நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார்கள். அதன் பிறகு வெகுகாலம், அந்த வழியே நடந்து போகிறவர்கள் மட்டுமன்றி, பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்து போகிறவர்களும், அதைக் கடக்கும் கணத்தில் தொப்பியை எடுத்துவிட்டு மீண்டும் வைத்துக்கொண்டார்கள். பௌலரும் தலையிலிருந்து இறங்கிற்று, தட்டைத் தொப்பியும் இறங்கிற்று. மகனைப் பறிகொடுக்காத தெருவே அரிதாயிருந்த அந்த நாட்டில் யாரும் யாரையும் ஏவாமல் நடந்தது இது. அந்தத் தலைமுறை ஆங்கிலேயனைத் தமிழ் மேடையில் கொடுங்கோலனாகவே காட்டினாலும் காட்டுங்கள்; ஆனால் மரணச் செய்தியைக் கேட்ட கணத்தில் அவன் கை தொப்பிக்குப் போக வேண்டும்.

நம் மண்ணுக்கு வரும்போது இரண்டு விஷயங்கள். முதலாவது, வெண்ணிறச் சோலாத் தொப்பியின் காலம். தஞ்சாவூரில் கோயில் உருவங்களும் மாலைகளும் செதுக்குகிறார்களே, அந்த நெட்டியின் இனத்தைச் சேர்ந்த நீர்ச்செடியின் தண்டுதான் அதற்கு மூலப்பொருள்; கனமே இல்லாத அந்தத் தக்கையை அச்சில் ஒட்டி, மேலே துணி போர்த்துவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அது பொது வழக்குக்கு வந்தது. வெயிலுக்குத் தலையைக் காட்டினால் ஐரோப்பியன் மாண்டு போவான் என்ற நம்பிக்கை அதன்பின் வேரூன்றிற்று. இந்தியாவுக்கு வருகிறவர்கள் வழியில் போர்ட் சையதில் கப்பல் நிற்கும்போது அதை வாங்கி அணிந்துகொண்டார்கள், உத்தியோகம் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் அதைக் கடலில் எறிந்துவிட்டுப் போவதும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்கள் அது இல்லாமலே வெயிலில் போரிட்டுத் திரும்பியபின் நம்பிக்கையும் தொப்பியும் சேர்ந்தே மறைந்தன. எனவே 1798-இல் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனைச் சந்தித்த கலெக்டர் ஜாக்சனுக்கும், மறு ஆண்டு அவரைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மனுக்கும் சோலாத் தொப்பி வைப்பது கால முரண். ராணுவ அதிகாரிக்கு விளிம்பை மடக்கி நிறுத்திய இரட்டை முனைத் தொப்பியும், சிவில் உத்தியோகஸ்தருக்கு அகன்ற விளிம்புள்ள கறுப்பு வட்டத் தொப்பியுமே பொருந்தும்.

இரண்டாவது, நம்மவர் தலை. ஆங்கிலேயன் அறைக்குள் நுழைந்ததும் தலையைத் திறந்து மரியாதை காட்டினான், பாதரட்சையைக் கழற்றவில்லை. நம் குமாஸ்தாவோ பாதரட்சையை வாசலில் விட்டான். தலைப்பாகையைக் கழற்றவில்லை, கழற்றுவது அவமரியாதை. ஒரே அறையில் இரண்டு மரியாதைகள் தலைகீழாக எதிரெதிரே நின்றன. இதனால் எழுந்த சச்சரவுகள் கம்பெனிக் காலத்திலிருந்து நீதிமன்றங்களிலும் தர்பார்களிலும் தீராத தலைவலியாக இருந்தன. ஒரு கலெக்டர் கச்சேரிக் காட்சியில் துரையின் தொப்பி சுவரில் ஆணியிலும், சிரஸ்தேதாரின் தலைப்பாகை அவர் தலையிலும், அவருடைய செருப்பு நிலைப்படிக்கு வெளியிலும் இருக்குமானால், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அந்த அறையில் யார் யாருக்கு வளைந்து கொடுக்கிறார்கள் என்பது ரசிகனுக்கு விளங்கிவிடும்.

தொழில் முறையில் சில வேண்டுகோள்கள். ஆங்கிலத் தொப்பியின் அளவு, தலையின் நீள அகலங்களின் சராசரியை அங்குலத்தில் கூறுவது. ஏழு என்றால் சுற்றளவு ஏறக்குறைய ஐம்பத்தேழு சென்டிமீட்டர். காதில் போய் இடிக்கும் தொப்பி நடிகனின் வயதையும் கௌரவத்தையும் சேர்த்துக் குறைத்துவிடும். பெரிதாக இருந்தால் உட்புறத் தோற்பட்டைக்குள் காகிதம் மடித்து வைத்து இறுக்குங்கள். தொப்பியைச் சுற்றிய நாடாவின் முடிச்சு அணிபவனின் இடப்பக்கம் இருக்க வேண்டும். பட்டுத் தொப்பியை உச்சியைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள். விளிம்பைப் பிடித்தே எடுக்கப் பழக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொப்பியை நாடகத்தன்று மாலையில் கொடுக்காமல், ஒத்திகையின் ஆரம்ப நாளிலேயே கொடுத்துவிடுங்கள். லண்டனில் பிறந்த சார்லி சாப்ளின் 1914-ஆம் ஆண்டில் திரைக்குக் கொண்டுவந்த நாடோடியின் உடைமை என்ன? இறுகிய கோட்டு, தொளதொள கால்சட்டை, பெரிய பூட்ஸ், பிரம்பு, தலைக்குச் சிறிதான ஒரு பௌலர். கனவானின் தொப்பியை ஏழையின் தலையில் வைத்து, கனவானுக்குரிய அத்தனை உபசாரத்தோடும் அதை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டி, உலகத்தையே அழவும் சிரிக்கவும் வைத்தார் அவர். அந்த உயர்த்தல் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதன் பின்னால் இருந்தது லண்டன் இசைக் கூடங்களில் சிறுவயது முதல் பெற்ற பயிற்சி. உங்கள் நடிகரும் மூன்று வாரம் அந்தத் தொப்பியோடு நாற்காலியில் உட்காரட்டும், கதவைத் திறக்கட்டும், கோபிக்கட்டும், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடட்டும். திண்டாட்டம் தீர்ந்த பிறகு அரங்கேற்றத்துக்கு நாள் குறியுங்கள்.

வணக்கத்துடன்,
உங்கள் கலையில் ஈடுபாடுடைய ஒரு நாடக ரசிகன்